நட்புக்கும் ஒரு முகவரி வேண்டும்

(சபரகமுவத் தோட்டப்புற வாசகர்கள் இரத்தினபுரியில் கூடிய வேளையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை மேடைக்கு அழைப்பவர்கள் வழக்கமாகச் சம்பளம் பற்றிப் பேசச் சொல்வார்கள். காணி பற்றிப் பேசச் சொல்வார்கள். வாக்குரிமை பற்றிப் பேசச் சொல்வார்கள். உங்கள் வாசகர் வட்டமோ, “ஐயா, இன்று அரசியல் வேண்டாம். புத்தகத்தின்மேல் பற்றுக்கொண்ட இருவர் கடிதத்தினாலேயே வளர்த்த நட்பைப் பற்றிப் பேசுங்கள்” என்று கேட்டுக்கொண்டது. நான் மகிழ்ச்சியோடு இசைந்தேன். ஆனால், அரசியலை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கடிதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உறையைப் பற்றிப் பேச வேண்டும். உறையைப் பற்றிப் பேசினால் அதன்மேல் எழுதும் முகவரியைப் பற்றிப் பேச வேண்டும். முகவரியைப் பற்றிப் பேசினால் நீங்கள் குடியிருக்கும் லயத்தைப் பற்றிப் பேசாமல் எப்படி இருப்பது?

பாண்டி நாட்டுப் பிசிரும் சோழ நாட்டு உறையூரும்

காணாமலே வளர்ந்த நட்பு தமிழனுக்குப் புதிதன்று. உறையூரில் இருந்தான் கோப்பெருஞ்சோழன். பாண்டி நாட்டுப் பிசிரில் இருந்தார் ஆந்தையார் என்னும் புலவர். ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவர் புகழை ஒருவர் கேட்டறிந்தனர். ஒருவர் உள்ளத்தை ஒருவர் உணர்ந்தனர். மக்களோடு மாறுபட்டு, வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, அரசன் தன் அருகே ஓரிடத்தைத் தன் நண்பனுக்கென்று ஒதுக்கி வைக்கச் சொன்னான். சூழ இருந்த சான்றோர் ஐயுற்றனர். கண்டறியாத ஒருவனுக்காக ஆந்தையார் இத்தனை தொலைவு கடந்து வருவாரோ என்று வினவினர். ஆந்தையார் வந்தார். ஒதுக்கி வைத்த இடத்தில் அமர்ந்தார். புறநானூறு நமக்குச் சொல்லும் வரலாறு இது. நட்புக்கு உடன் பழகுவதுகூட வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்று வள்ளுவரும் விதித்தார்.

நண்பர்களே! அந்த வரலாற்றில் நாம் பலகாலும் கவனியாமல் விடுகின்ற ஒன்று உண்டு. அரசன் நண்பனுக்காகக் கண்ணீர் விட்டதோடு நிற்கவில்லை. ஓர் இடத்தை ஒதுக்கி வைத்தான். வருகிறவனுக்கு இடம் ஒன்று இருக்க வேண்டும். அந்த இடம் இன்னாருக்கு உரியதென்று ஊர் அறிய வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் இவ்விடத்துக்கே திரும்பி வருவேன்.

இடைசெவலும் கோலாலம்பூரும்

இனி நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் கோவில்பட்டிக்கு அருகே கரிசல் மண்ணில் இடைசெவல் என்றொரு சிற்றூர். அந்த ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில், இரண்டு சிறுவர்கள் வளர்ந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்து, பத்திரிகைத் தொழிலை நாடிச் சென்னை சென்றார். ராஜநாராயணன் ஊரிலேயே தங்கி உழவரானார். அவருடைய பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தாம் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அங்கேயும் பாடத்தைப் பாராமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் பிற்காலத்தில் அவர் நகைச்சுவையோடு சொல்வதுண்டு.

இருவரையும் பிணைத்தவை நூலும் இசையும். கம்பனை அவர்கள் சுவைத்தார்கள். குற்றாலத்தில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வட்டத்தொட்டியை நாடினார்கள். அந்த ரசிகமணியும் என் போல் சட்டம் படித்தவர்தாம். வழக்கேட்டை மூடி வைத்துவிட்டுக் கவிதையைத் திறந்து வைத்தவர். 1954இல் மறையும்வரை, கவிதைச் சுவையைக் கடிதங்களாலேயே நண்பர்களுக்குப் பரிமாறிய பெருந்தகை அவர். சட்டம் படித்தவர்களால் நாட்டுக்கு நன்மையும் விளைந்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரு சான்றையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்!

அழகிரிசாமி 1950களில் சில ஆண்டுகள் மலாயாவில் இருந்தார். கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளேட்டில் பணி. அங்கே இரப்பர்த் தோட்டங்களில் நம்மைப் போன்ற தமிழர்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கேகாலை மாவட்டத்திலும் அதே இரப்பர் மரந்தான், அதே வாளிதான், விடியற்காலையில் அதே கத்திதான். இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு இரப்பர் நாற்றுகள் வந்தது 1876ஆம் ஆண்டில். பிறகு இங்கேயும் மலாயாவிலும் காடெல்லாம் இரப்பர் ஆயிற்று. இரு நாட்டிலும் அந்த மரத்தின் அடியில் தமிழனின் வியர்வை விழுந்தது. அந்தத் தொழிலாளர்களும் படித்த தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அங்கே பணிபுரிந்தவர் எழுதிய கடிதங்கள் நிற்கவில்லை, இன்றும் படிக்கப்படுகின்றன.

ஊரைவிட்டுப் போன அழகிரிசாமி, ஊரில் இருந்த ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வெளிவந்தன. ஊரில் இருந்தவர் கலப்பையோடும் கடனோடும் மழை பொய்த்த வானத்தோடும் போராடிக்கொண்டிருந்த ஒரு விவசாயி. அவருக்கு நகரத்து இலக்கிய வட்டம் இல்லை, பல்கலைக்கழகம் இல்லை. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த கடிதம் இருந்தது. நண்பன் தன்னை மறக்கவில்லை, தன் சுவையை மதிக்கிறான் என்ற உறுதி இருந்தது.

பின்னர் என்ன நடந்தது? அந்த விவசாயியின் ‘மாயமான்’ என்ற சிறுகதை 1958இல் சரஸ்வதி இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருக்கும். அதன்பின் கரிசல் மக்களின் பேச்சையே இலக்கியமாக்கினார். வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பள்ளியை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்திப் பெருமை பெற்றது. 2021இல் அவர் மறைந்தபோது தமிழ்நாடு அரசு அரச மரியாதையோடு விடைகொடுத்தது. கடிதம் என்ற சொல்லைவிடக் கடுதாசி என்ற சொல்லையே அவர் விரும்பினார். ‘கரிசல்காட்டுக் கடுதாசி’ என்றே ஒரு நூலுக்குப் பெயரும் வைத்தார். கடிதம் ஒன்றே அவரை எழுத்தாளராக்கிற்று என்று நான் வாதிட வரவில்லை. அப்படி வாதிட்டால் என் வழக்குத் தோற்றுவிடும். ஆனால், தனித்திருந்த ஒரு விவசாயியின் உள்ளத்தில் எரிந்த விளக்கு அணையாதிருக்க அந்தக் கடிதங்களும் எண்ணெய் வார்த்தன என்று சொன்னால் மறுப்பவர் யார்?

அழகிரிசாமியோ 1970இல், ஐம்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தார். மறைந்தபின் அவருடைய ‘அன்பளிப்பு’ என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அத்தலைப்பிலுள்ள கதையை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். புத்தகங்களின்மேல் உயிரை வைத்திருக்கும் குழந்தைகள். அவர்களுக்கு நூல் கொண்டுவந்து தரும் ஓர் இளைஞர். புத்தாண்டுக்கு டைரி பரிசு பெற்ற குழந்தைகளிடையே, பெறாத ஒரு சிறுவன் இருக்கிறான். இறுதியில் அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டுகிறான். அதில் தன் பெயரை எழுதி, அன்பளிப்பு என்று குறிக்கச் சொல்கிறான். பொருள் அவனிடமே இருக்கிறது. அவன் கேட்பது, தன் பெயர் ஒருவர் கையால் அன்போடு எழுதப்பட வேண்டும் என்பது ஒன்றைத்தான்.

தோழர்களே! தன் பெயர் எழுதப்பட வேண்டும் என்ற அந்தச் சிறுவனின் ஏக்கம் இந்த மலைகளிலே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

பங்களாவுக்கு வந்த கடிதம்

நம் நாட்டு மண்ணிலும் புகழ்பெற்ற கடித நட்பு ஒன்று உண்டு. லெனாட் வூல்ஃப் என்ற ஆங்கில இளைஞர் கேம்பிரிட்ஜில் படித்து, 1904 டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அவர் கொண்டுவந்தவற்றுள் ஒரு நாயும், பிரெஞ்சு அறிஞர் வோல்ட்டேரின் நூற்றொகுதி 90 பாகங்களும் இருந்தன. 1905இல் யாழ்ப்பாணத்தில் சிவில் அதிகாரியாகப் பணியேற்றார். பனையும் மணலும் சூழ்ந்த அந்த இடத்திலிருந்து, கேம்பிரிட்ஜ் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு எழுதிக்கொண்டேயிருந்தார். நண்பரும் எழுதினார். நூல்கள், மனிதர்கள், தனிமை, சலிப்பு எல்லாம் கப்பல் ஏறிப் போயின. கப்பல் ஏறி வந்தன. வூல்ஃப் 1911இல் நாடு திரும்பினார். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்து ஏழைகளின் துயரைப் பற்றிய அவரது நாவல் 1913இல் வெளிவந்தது.

அந்நிய ஆட்சியின் அதிகாரி ஆயினும், அவர் நூற்பற்றை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். கடல் கடந்து வாரக்கணக்கில் பயணம் செய்து வந்த கடிதமும் அவர் கைக்குத் தவறாமல் வந்து சேர்ந்தது. ஏன்? அவர் இருந்த பங்களாவுக்கு முகவரி இருந்தது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கும் முகவரி இருந்தது. அதற்குக் கீழே, அதே தோட்டத்தில், அதே மழையில், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த லயங்களுக்கு என்ன முகவரி இருந்தது?

ஒரு தகரப் பெட்டியின் கதை

இப்போது நான் அறிந்த ஒரு நட்பைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லேன். ஆட்களின் பெயரையும் சொல்லேன். என் தொழிலின் கடமை அது.

சில ஆண்டுகளுக்கு முன், கேகாலை மாவட்டத்து இரப்பர்த் தோட்டமொன்றில் வாழ்நாளெல்லாம் பால் வெட்டிய பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஊழியர் சேமலாப நிதி தொடர்பான வழக்கு. பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். தோட்டப்புறத்தில் இது புதுமையா? கிளாக்கர் தம் காதில் விழுந்தபடி எழுதியதுதானே நம் பெயர்! “உங்கள் பழைய பெயருக்கு ஆவணம் ஏதும் உண்டா, ஐயா?” என்று கேட்டேன். மறுவாரம் அவர் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியோடு வந்தார். திறந்தால், உள்ளே கடிதங்கள்! நீலநிற வான்கடிதங்கள், உறைகள், அஞ்சலட்டைகள். எல்லாம் நீலகிரியிலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து.

எழுதியவர் அவருடைய பக்கத்துக் காம்பராக்காரர். இளமையில் இருவரும் தோட்டத்து வாசிகசாலையில் ஒரே நூலை மாற்றி மாற்றிப் படித்தவர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றது. 1974இல் அந்த எஞ்சியவர்களையும் இரண்டாகப் பிரித்தார்கள். கடையில் அரிசி நிறுப்பதைப் போல மனிதரை நிறுத்தார்கள். அந்தக் கணக்கில், ஒரே லயத்தின் இரு காம்பராக்கள் இரண்டு நாடுகளாயின. தலைமன்னாருக்குப் போன புகையிரதத்துக்கு மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது வீணாகவா?

கோச்சி ஏறும் நாளில் அந்த நண்பர் ஒரு நூலை இவரிடம் கொடுத்தார்: மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’. வேலய்யன், சந்திரன் என்ற இரு நண்பர்களின் கதை. “நீ வைத்திரு, நான் ஒருநாள் திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன்” என்பது ஒப்பந்தம். இரு அரசாங்கங்களின் ஒப்பந்தத்தைவிட இந்த ஒப்பந்தத்தில் மனிதத் தன்மை மிகுதி என்பேன்.

பிறகு கடிதங்கள். தேயிலைக் கொழுந்தின் விலையும் பிள்ளைகளின் காய்ச்சலும் இரண்டு வரி. மீதியெல்லாம் நூல்களைப் பற்றியவை. 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதியை நம் நாட்டரசு கட்டுப்படுத்திற்று. அப்போது நீலகிரியில் இருந்தவர் என்ன செய்தார் தெரியுமா? தாம் படித்துச் சுவைத்த சிறுகதைகளைத் தம் கையாலேயே நுணுக்கி நுணுக்கி எழுதி அனுப்பினார்! அதை இங்கே லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் ஒருவர் படிக்க, பலர் சூழ்ந்திருந்து கேட்டார்கள். சுங்கம் தடுக்கலாம், நட்பைத் தடுக்க முடியவில்லை.

1977இல் வன்செயல் வந்தது. 1981இல் மீண்டும் வந்தது. அந்த ஆண்டை நாம் மறக்கலாகாது. அதே 1981இல்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்தது. சில வாரங்களுக்குப் பின், ஆகஸ்டில், இந்த இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. வடக்கே நூலகம் எரிந்த சாம்பலும், இங்கே உடைமைகள் எரிந்த சாம்பலும் ஒரே நிறந்தான். பின்னர் 1983. 1984இல் இராமேஸ்வரம் – தலைமன்னார்க் கப்பலும் நின்றது. திரும்பி வந்து நூலை வாங்கிக்கொள்வேன் என்றவருக்கு வழி அடைபட்டது. ஆனால், அந்தத் தகரப் பெட்டி தப்பிற்று. ஓடும்போதெல்லாம் பெரியவரின் மனைவி துணி மூட்டைக்குள் அதையும் வைத்துக் கட்டிக்கொண்டு ஓடினாராம். நகையில்லாத வீட்டில் அதுவே நகைப்பெட்டி.

இனிக் கடைசிக் கடிதம். பெட்டியின் அடியிலிருந்து பெரியவர் அதைத் தனியே எடுத்துக் கொடுத்தார். நோய்ப்படுக்கையிலிருந்து எழுதியது. கையெழுத்து நடுங்கியிருந்தது. தாம் வர இயலாது என்றும், நூலைத் தம் பேத்திக்கு அனுப்பிவைக்கும்படியும், அவளும் படிப்பதில் ஆர்வமுள்ளவள் என்றும் எழுதி, அவள் படித்துக்கொண்டிருந்த இடத்தின் முகவரியைக் குறித்திருந்தார். உறையின்மேல் தபால் முத்திரையைப் பார்த்தேன். “எப்போது கிடைத்தது?” என்றேன். ஐந்து மாதத்துக்குப் பின் என்றார். அத்தனை நாளும் அது தோட்டத்து ஆபிசில் ஒரு மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. அதே பெயரில் அத்தோட்டத்தில் மூவர். எந்த டிவிசன், எந்த லயம் என்று உறையில் இல்லை. இருந்தால்தானே எழுதுவதற்கு? யாரோ துப்புரவு செய்த நாளில் கண்டெடுத்துக் கொடுத்தார்கள். பெரியவர் உடனே பதில் எழுதினார். நண்பரின் மகனிடமிருந்து மறுமொழி வந்தது. தந்தை காலமாகி மூன்று மாதமாயிற்று என்று அதில் இருந்தது. பேத்தியும் குறித்த இடத்தை விட்டு வேலை தேடி வேறூர் போய்விட்டாள்.

பெரியவர் அழவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நான் பதில் போடவில்லை என்று நினைத்துக்கொண்டே போயிருப்பானோ, ஐயா?”

நண்பர்களே! என் தொழிலில் எத்தனையோ குறுக்கு விசாரணைகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தக் கடிதங்கள் அவருடைய வழக்கில் உதவின. முப்பதாண்டுகளுக்கு மேலாக, அந்தத் தோட்டத்தில் அந்தப் பெயரில் ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு ஒவ்வொரு உறையும் ஊமைச் சாட்சியாக நின்றது. எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இடையறாது இங்கே வாழ்ந்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமை என்றது. மணமானவருக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு. விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். வாழ்ந்ததை எதைக் கொண்டு நிரூபிப்பது? வீட்டுக்கு இலக்கமில்லை, காணிக்கு உறுதியில்லை, பெயருக்கு ஒரே எழுத்தில்லை. வாழ்ந்தவனுக்கு வாழ்ந்ததற்கான தாள் இல்லை! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து அந்தப் பழியைத் துடைக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பிரஜாவுரிமை வந்துவிட்டது, ஆனால், பிரஜையின் கதவுக்கு இலக்கம் வந்துவிட்டதா?

சட்டத்தில் இன்னோர் இடரும் இருக்கிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி, அலுவல்கள் வழமைபோல் நடந்தன என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். சரியான முகவரியிட்டுத் தபாலில் சேர்த்த கடிதம் உரியவருக்குக் கிடைத்தது என்று கொள்வது அப்படிப்பட்ட ஓர் அனுமானம். அது மறுக்கத்தக்க அனுமானந்தான். எனினும், மறுக்க வேண்டிய சுமை யார் தலையில்? “எனக்குக் கிடைக்கவில்லை” என்று சொல்கின்ற ஏழையின் தலையில்! நகரத்தில் வாழ்பவருக்கு இது நியாயமான விதி. ஒரு தோட்டம் முழுவதற்கும் ஒரே முகவரி, ஒரே தபாற்பை, ஒரே இழுப்பறை என்றிருக்கும் இடத்தில் இதே விதி அநீதியாக முடியலாம். நீதிமன்ற அறிவித்தல் கிடைக்காமல் ஒருதலையாகத் தீர்க்கப்படும் வழக்கு ஒருபுறம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்தபின் கைக்கு வந்து கண்கலங்கும் இளைஞர் மறுபுறம்.

“கைபேசிக் காலத்தில் கடிதத்தைப் பற்றி என்ன பேச்சு?” என்று இங்கேயுள்ள இளைஞர்கள் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன். நட்பைக் கைபேசியில் வளர்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால், நீதிமன்றம் அறிவித்தலைத் தபாலில் அனுப்புகிறது. வங்கி அனுப்புகிறது. திணைக்களங்கள் அனுப்புகின்றன. தூரத்து நண்பன் அனுப்பும் புத்தகமும் தபாலில்தான் வரவேண்டும். கைபேசிக்குள் நுழைந்து வராது.

நாம் செய்யக்கூடியவை

குறை சொல்லிவிட்டுப் போவதற்கு நான் வரவில்லை. உடனே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் லயங்களை எண்ணுங்கள். ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி வீட்டுக்கும் இலக்கமிட்டு, பாதைகளுக்குப் பெயர் சூட்டி, ஒரு பட்டியலும் படமும் ஆக்குங்கள். பள்ளி மாணவர்களே இரண்டு விடுமுறை நாள்களில் இதைச் செய்துவிடலாம்.

இரண்டாவது, அந்தப் பட்டியலைப் பிரதேச சபைக்கும் தபாலதிபருக்கும் எழுத்துமூலம் கையளித்து, அவ்விலக்கங்களை ஏற்று அறிவிக்கும்படி கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபை பணம் செலவிட முடியாது என்று நெடுங்காலம் கைவிரித்தார்கள். அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. இனி அந்தச் சாக்கு செல்லாது.

மூன்றாவது, விடை வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் கொடுங்கள். எங்கள் தோட்டத்தில் தபாலை வீடுதோறும் ஒப்படைக்க என்ன ஏற்பாடு, அதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேளுங்கள். பதினான்கு வேலை நாள்களுக்குள் முடிவு சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.

நான்காவது, தோட்ட நிருவாகத்தோடு சண்டைக்கு நின்றுதான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆபிசுக்கு வரும் தபாலுக்கு ஒரு பதிவேடு வைத்து, வந்த தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் பதிய வேண்டும் என்று கேளுங்கள். நேர்மையான நிருவாகம் இதை மறுக்கக் காரணமில்லை. மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

ஐந்தாவது வேண்டுகோள் உங்களுக்கன்று. இவ்வுரை ஏட்டில் வெளிவரும் என்று சொன்னார்கள். அதைப் படிக்கப்போகும் வடக்கு, கிழக்குத் தமிழ் மக்களுக்கு அது. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகளே! மட்டக்களப்பு மருத்துவர்களே! வன்னியில் வயலும் தோட்டமும் செய்யும் உழவர்களே! உங்கள் அயலிலேயே 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய உறவினர் இங்கேதான் இருக்கிறார்கள். சபரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. பல இடங்களில் தமிழ்ப் பள்ளி தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிடுகிறது. இங்கே ஒரு பிள்ளை நல்ல நூல் ஒன்றைப் படித்துவிட்டால், அதைப் பற்றிப் பேச அடுத்த காம்பராவில் ஆளில்லை. நீங்கள் படித்த நூலொன்றைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இயலுமானால் நூலையும் அனுப்புங்கள். பெரிய அறிஞராயிருக்க வேண்டியதில்லை. இடைசெவலில் கடிதம் பெற்றவர் ஒரு விவசாயி என்பதை மறவாதீர்கள். மேடையில் நாங்கள் ஆயிரம் முறை முழங்கியும் வளராத ஒற்றுமை, ஓர் உறையில் வளரக்கூடும்.

முடிவாக, பிசிராந்தையாரிடம் திரும்பி வருகிறேன். நண்பனுக்கென்று இடம் ஒதுக்கி வைத்தான் அரசன். நண்பன் வந்து சேர்ந்தான். இந்த மலைகளிலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படி ஓர் இடம், இன்னாருக்கு உரியதென்று ஊரும் நாடும் அறியும் இடம், இலக்கத்தோடு அமைய வேண்டும். அன்பளிப்பு என்று எழுதித் தன் பெயரையும் குறிக்கச் சொன்ன அந்தச் சிறுவனைப் போல, நம் பெயரை உறையின்மேல் முழுமையாக எழுதுங்கள், அதைக் கொண்டுவந்து நம் கையில் கொடுங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம். இது சலுகையன்று, உரிமை.

அந்த ‘அகல் விளக்கு’ இன்னும் பெரியவரின் பெட்டியில் இருக்கிறது. பேத்தியின் முகவரியை அவர் தேடிக்கொண்டேயிருக்கிறார். அவள் ஒருநாள் கிடைப்பாள் என்று நம்புகிறேன். அன்று நூலை அனுப்பும்போது, அனுப்புநர் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரோடு நில்லாமல், தம் வீட்டின் இலக்கத்தையும் பாதையின் பெயரையும் அந்தப் பெரியவர் தம் கையாலேயே எழுத வேண்டும். அந்த நாளை விரைவில் கொண்டுவருவது இங்கே கூடியிருக்கும் நம் கையில் இருக்கிறது.